நாலரை மணிப் பிள்ளை

1

ஒக்டோபர் மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இந்த நாட்டு அரசாங்கம் எல்லாருக்கும் ஒரு மணித்தியாலத்தை இனாமாகக் கொடுக்கும். மணிக்கூட்டு முள்ளை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளிவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொள்ளலாம். வருடம் முழுக்க எங்களிடம் வாங்குகிறவர்கள் திருப்பித் தருவது இந்த ஒன்றைத்தான். அதை அனுபவித்துக்கொண்டு போர்வைக்குள் கிடந்தபோது டெலிபோன் அடித்தது. ஆறு மணி.

லண்டன் குட்மேய்ஸிலிருந்து சுதன். என்னோடு வேலை செய்கிறவர், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அவருக்கு இரண்டரை வயதில் ஒரு மகன்.

"அண்ணை, நித்திரையைக் குழப்பிப்போட்டனோ?"

"இல்லைத் தம்பி, சொல்லும்."

"இவன் இண்டைக்கு நாலரைக்கு எழும்பிட்டான் அண்ணை. நேற்று வரைக்கும் அஞ்சரை. இண்டைக்கு நாலரை. நாங்கள் ரெண்டு பேரும் சுவரோடை சாஞ்சுகொண்டு இருக்கிறம். உங்கட மகளும் முந்தி இப்பிடித்தான் எண்டு வசந்தி அக்கா ஒருக்காச் சொன்னவ. என்ன செய்தனீங்கள்?"

எனக்கு உடம்பெல்லாம் ஒரு உசார் வந்துவிட்டது. போர்வையை உதறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன். இந்த நாட்டில் எனக்குத் தெரியாத விஷயங்கள் ஆயிரம் உண்டு. வரிப் படிவம் தெரியாது, கிரிக்கெட்டைத் தவிர வேறு விளையாட்டுத் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரரிடம் வானிலையைப் பற்றி இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசத் தெரியாது. ஆனால் நாலரை மணிக்கு எழும்பும் பிள்ளையை ஆறரை வரை படுக்க வைப்பது எப்படி என்று கேட்டால், நான் மேடை போட்டுப் பேசக்கூடியவன்.

"தம்பி, மத்தியானம் வீட்டை வாரும். உமக்கு ஒரு சாமான் தரவேணும்" என்றேன்.

படுக்கையின் மறுபக்கத்தில் என் மனைவி வசந்தி கண்ணைத் திறக்காமலே, "முழுக் கதையையும் சொல்லுங்கோ. உங்கட திருகுதாளத்தையும் சேர்த்து" என்றாள்.

அப்படியே சொல்கிறேன். சுதனுக்குச் சொன்னது போக, உங்களுக்கும்.

2

பத்து வருடத்துக்கு முன்னர் நாங்கள் லண்டன் ஈஸ்ட் ஹாமில், பிரதான வீதியில், ஒரு முடி வெட்டும் கடைக்கு மேலே இருந்தோம். வீதிப் பக்கம் ஒரு அறை, பின்பக்கம் சமைக்க ஒரு குசினி, அதற்குள்ளேயே ஒரு சோபா. யன்னலைத் திறந்தால் எதிரே பஸ் தரிப்பு. என் மகள் அபிராமிக்கு அப்போது மூன்று வயது நிரம்ப இன்னும் சில மாதங்கள் இருந்தன.

நான் இரண்டு வேலை செய்தேன். காலையில் ஆறு இருபதுக்கு வீட்டை விட்டு இறங்கினால் பகலில் ஒரு சாமான் களஞ்சியம், பின்னேரத்தில் கந்தோர்கள் துப்புரவு செய்யும் வேலை. வீட்டுக்கு வர இரவு ஒன்பதரை ஆகும். பிள்ளை எனக்காக முழித்திருப்பாள். எங்கள் வீடுகளில் தகப்பன் வந்து சேராமல் பிள்ளை படுக்கிறதாவது. வந்து, குளித்து, அவளை மடியில் வைத்துச் சோறு தின்று, பத்து மணிக்குப் பிறகுதான் மூன்று பேரும் ஒரே மெத்தையில் விழுவோம். பிந்திப் படுத்தால் பிந்தி எழும்புவாள் என்பது எங்கள் கணக்கு.

அபிக்கு அந்தக் கணக்குப் பிடிபடவில்லை. கோடையில் அஞ்சரைக்கு எழும்பினாள். வெளிச்சம் வருகிறது, அதுதான் என்று சொல்லிக்கொண்டோம். அந்த ஒக்டோபரில் மணிக்கூட்டைத் திருப்பினார்கள். பிள்ளையை யாரும் திருப்பவில்லை. கும்மிருட்டில், நாலரைக்கு, என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, "அப்பா, விடிஞ்சிட்டுது" என்றாள்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அதில் பெருமைதான். ஊரில் என் தகப்பனார் எங்களை நாலு மணிக்கு எழுப்பி, மேசையில் விளக்கைக் கொளுத்தி வைத்துவிட்டுத் தான் போய்ப் படுத்துவிடுவார். நான் புத்தகத்தை நெற்றிக்கு முட்டுக் கொடுத்து அப்படியே நித்திரை கொள்வேன். அதனால்தானோ என்னவோ, படித்து டொக்டர் ஆகாமல் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளார்க் ஆனேன். இவளோ யாரும் எழுப்பாமலே எழும்புகிறாள். "இவள் படிக்கப் பிறந்தவள்" என்று ஊருக்குக் கடிதம் எழுதினேன். சீனி போட்ட பால் காய்ச்சிக் கொடுத்தேன். வீட்டில் உள்ள விளக்கெல்லாம் போட்டேன். பாட்டுப் பாடினேன், குதிரையானேன், குசினியை இரண்டு சுற்றுச் சுற்றினேன். ஆறு மணி மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் திருவிழா.

வசந்தி தலையணையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு கிடப்பாள்.

3

அந்த வருடம் எங்கள் வீட்டில் ஒரு பெரிய காரியம் நடக்க இருந்தது. வசந்தி ஊரில் இரசாயனம் படிப்பித்தவள். இங்கே வந்து நாலு வருடம் வீட்டிலேயே இருந்துவிட்டாள். எத்தனையோ படிவம் நிரப்பி, சான்றிதழ்களை மொழிபெயர்த்து அனுப்பி, கடைசியில் ஆஸ்பத்திரி ஆய்வுகூட வேலைக்கு ஒரு வருடப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. ஜனவரியில் ஆரம்பம். அந்தக் கடிதத்தை அவள் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

அதற்காகத்தான் செப்டம்பரிலேயே அபியை நேர்சரியில் சேர்த்தோம். பிள்ளை அங்கே பழகிவிட்டால் ஜனவரியில் தாய் படிக்கப் போகலாம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நவம்பர் நடுப்பகுதியில் நேர்சரிப் பொறுப்பாளர் வசந்தியைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். நல்ல மனுசி. பிள்ளை ஒன்பதரைக்கே பாயில் விழுந்து நித்திரை. எழுப்பினால் அழுகை. மற்றப் பிள்ளைகளுக்கு அடி. மத்தியானம் சாப்பாட்டுக் கோப்பைக்குள் முகம் குத்தி விழுந்திருக்கிறாள். "அவளுக்கு இங்கே வருவதற்கான வயது இன்னும் ஆகவில்லைப் போல. டிசம்பர் நத்தார் விடுமுறை வரைக்கும் பார்ப்போம். சரிவராவிட்டால் அடுத்த வருடம் கூட்டிவாருங்கள்" என்று சொல்லியிருக்கிறார்.

அன்று இரவு நான் வந்தபோது வசந்தி சோறு போடவில்லை. கடிதத்தை எடுத்து மேசையில் வைத்திருந்தாள்.

"அடுத்த வருசம் இந்த இடம் எனக்காகப் பார்த்துக்கொண்டிருக்காது" என்றாள். அவள் அழுகிற ஆள் இல்லை. அன்றைக்கு அழுதாள்.

அபி என் மடியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு சிரித்தாள். மணி பத்து.

4

நேர்சரி சொல்லி, ஒரு ஹெல்த் விசிட்டர் வீட்டுக்கு வருவதாகக் கடிதம் வந்தது. வீடு வீடாகப் போய்ச் சின்னப் பிள்ளைகளின் நலத்தைப் பார்க்கும் தாதி. அரசாங்க ஆள் என்றதும் கடிதத்தைத் திரும்பவும் முதலிலிருந்து வாசித்தேன். பிள்ளையை ஒழுங்காக வளர்க்கத் தெரியாதவர்கள் என்று எழுதிவிட்டால் என்ன செய்வது? கடிதத்தோடு ஒரு படிவமும் வந்திருந்தது. ஒரு வாரத்துக்குச் சின்னச் சின்னச் சதுரங்கள். பிள்ளை நித்திரை கொண்ட மணித்தியாலங்களை நிறம் தீட்ட வேண்டும்.

நான் கச்சேரியில் பன்னிரண்டு வருடம் படிவத்தோடு வாழ்ந்தவன். ஒரே இருப்பில், அடிமட்டம் வைத்துக் கோடு பிடித்து, ஏழு நாளையும் முன்கூட்டியே அழகாக நிரப்பினேன். மாலை ஏழிலிருந்து காலை ஏழு. ஒரு நாளைக்கு மட்டும் ஆறே முக்கால் என்று போட்டேன், நம்பிக்கை வருவதற்காக.

அந்தத் தாதி, மிஸஸ் பார்லோ, வந்தார். தடித்த கோட்டு, ஈரச் சப்பாத்து, கண்ணாடிக்கு மேலால் பார்க்கும் பார்வை. படிவத்தை நிதானமாக வாசித்தார்.

"இந்தப் பிள்ளை என்னைவிட நன்றாகத் தூங்குகிறது. பிறகு நான் ஏன் வந்தேன்?" என்று கேட்டார்.

வசந்தி என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுதத் தேவையில்லை. அவளே எல்லாவற்றையும் சொன்னாள். பத்து மணி, நாலரை மணி, பால், பாட்டு, குதிரை. நான் யன்னலுக்கு வெளியே பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிஸஸ் பார்லோ சிரிக்கத் தொடங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "நாலரை மணிக்கு எனக்கு ஒருவர் பாலும் தந்து குதிரையும் ஆவார் என்றால், நான் மூன்று மணிக்கே எழும்பிவிடுவேன்."

பிறகு கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு விளங்கப்படுத்தினார். இந்த வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்துப் பன்னிரண்டு மணித்தியாலம் மட்டில் தேவை. இவளுக்கு இரவில் கிடைப்பது ஆறரை. அளவுக்கு மிஞ்சிக் களைத்த பிள்ளை ஆழ்ந்து தூங்காது, முந்தி எழும்பிவிடும். ஆகவே பிந்தி எழும்ப வேண்டுமென்றால் முந்திப் படுக்க வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் கணக்கு முழுவதும் தலைகீழ். அதைக் கேட்டபோது எனக்கு வெட்கத்தைவிட ஒரு பரபரப்புத்தான் வந்தது, ஒரு பூட்டுக்கு இவ்வளவு நாளும் திறப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம் என்று.

முதலில் எட்டரை, பிறகு ஒவ்வொரு இரண்டு மூன்று நாளுக்கும் கால் மணி முன்னதாகப் படுக்கவைத்து ஏழரைக்குக் கொண்டுவர வேண்டும். பகல் தூக்கம் மத்தியானத்துக்குப் பிறகு, ஒரு மணித்தியாலம், அதற்கு மேல் இல்லை. யன்னலை நன்றாக மறைக்க வேண்டும். விடியுமுன் எழும்பினால் பால் இல்லை, பாட்டு இல்லை, வெளிச்சம் இல்லை. ஒரே ஒரு வசனம் சொல்லித் திரும்பப் படுக்கவைக்க வேண்டும். ஆறே காலுக்குள் அலாரம் வைக்கிறவர் வேறு அறையில் படுக்க வேண்டும்.

"அது நான்தான்" என்றேன்.

"அது நீங்கள்தான்" என்றார்.

ஒரு நாட்டை விட்டு வந்தவன், இப்போது மெத்தையை விட்டுக் குசினிச் சோபாவுக்குப் போனேன்.

5

போகும்போது மிஸஸ் பார்லோ இன்னொன்று சொன்னார். குளிர்காலத்தில் நாலரையும் இருட்டு, ஆறரையும் இருட்டு. எது விடியல் என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? ஒரு சின்ன விளக்கை டைமரில் போடுங்கள். விளக்கு எரிந்தால் விடிந்துவிட்டது. எரியாவிட்டால் இரவு. முதலில் ஐந்து மணிக்கு வையுங்கள், அவளால் காத்திருக்கக்கூடிய நேரம் அது. பிறகு கால் மணி கால் மணியாகத் தள்ளுங்கள்.

டைமர் என்றால், விடுமுறைக்குப் போகிறவர்கள் கள்ளனை ஏமாற்றுவதற்காக விளக்கோடு பொருத்திவிட்டுப் போகும் சாமான். வட்டமான முகம், இருபத்துநாலு மணித்தியாலமும் குறித்திருக்கும். முதலில் வட்டத்தைத் திருப்பி இப்போதைய நேரத்துக்கு வைக்க வேண்டும். பிறகு எப்போது எரிய வேண்டுமோ அந்த இடத்தில் ஒரு சின்ன ஊசியை அமத்த வேண்டும். வீதியில் இருந்த இரும்புக் கடையில் வாங்கிவந்து, மூன்று நாள் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு ஆசை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆறு நாள் இரண்டு வேலை செய்தவன் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு சோபாவில் சாய்ந்தேன். கண் விழித்தபோது வீடு இருட்டு. சத்தம் இல்லை. குசினி மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்து மணி. ஐயோ, இரவு பத்து மணிவரை கிடந்துவிட்டேன், தாயும் பிள்ளையும் படுத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். சத்தம் போடாமல் டைமரை எடுத்தேன். வட்டத்தைத் திருப்பி இரவு பத்துக்கு வைத்தேன். ஐந்து மணியில் ஊசியை அமத்தினேன். அறைக் கதவை மெல்லத் திறந்து இருட்டுக்குள்ளேயே விளக்கோடு பொருத்திவிட்டுத் திரும்பினேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கீழே கதவு திறந்தது. வசந்தியும் அபியும் மேலே ஏறி வந்தார்கள், கையில் மரக்கறிப் பை.

"இந்த நேரத்திலை பிள்ளையையும் இழுத்துக்கொண்டு எங்கை போனனீர்?" என்று சீறினேன். "நடுச்சாமத்திலை கத்தரிக்காய் வாங்கவோ?"

வசந்தி லைட்டைப் போட்டாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, இப்ப பின்னேரம் நாலரை. அது ஊர் மணிக்கூடு."

குசினியில் எங்களுக்கு இரண்டு மணிக்கூடு. ஒன்று லண்டன் நேரம். மற்றது ஊர் நேரம், அஞ்சரை மணித்தியாலம் முன்னுக்கு. வசந்தியின் தம்பி கொழும்பில் ஒரு அறையில் தங்கியிருந்தான். அவனுக்கு இப்போது என்ன நேரம், சாப்பிட்டிருப்பானா, பத்திரமாக அறைக்குத் திரும்பியிருப்பானா என்று பார்ப்பதற்காக அவள் மாட்டியது. எங்கள் சனத்தில் அப்போது பல வீடுகளில் அப்படி ஒன்று தொங்கியது. நித்திரை வெறியில் நான் பார்த்தது அதை.

இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். வசந்தி கத்தரிக்காயைப் பிடித்துக்கொண்டு நிலத்திலேயே இருந்துவிட்டாள். அந்தச் சிரிப்பில், டைமரை எந்த மணிக்கூட்டைப் பார்த்து வைத்தேன் என்ற நினைவே எனக்கு வரவில்லை.

அன்று அபியை எட்டரைக்குப் படுக்க வைத்தோம். விளக்கைப் பற்றி வசந்தி அவளுக்கு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தாள். "விளக்கு வந்தால்தான் விடியும். அதுமட்டும் எழும்பக்கூடாது." பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

இரவு பதினொன்றரைக்கு விளக்கு வந்தது.

"அம்மா, விடிஞ்சிட்டுது. அப்பா, விளக்கு வந்திட்டுது." கைதட்டிக்கொண்டு எழும்பிக் குசினிக்கு ஓடிவந்தாள். இல்லை, விடியவில்லை என்று எப்படிச் சொல்வது? நாங்கள்தானே சொன்னோம். மூன்று மணித்தியால நித்திரையின் பலத்தில் பிள்ளை விடிய மூன்று மணிமட்டும் ஓடித் திரிந்தாள். அடுத்த நாள் நேர்சரியில் சப்பாத்துக் கழற்றுமுன்னமே நித்திரை.

வசந்தி ஒரு கடதாசித் துண்டில் பெரிதாக ‘ஊர்’ என்று எழுதி அந்த மணிக்கூட்டின் கீழே ஒட்டினாள். என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

6

பிறகு ஒழுங்காகத் தொடங்கினோம். வசந்தி பழைய திரைக்குப் பின்னால் கறுப்புத் துணி இரட்டையாக வைத்துத் தைத்தாள். எட்டரை, எட்டே கால், எட்டு. குளியல், சோறு, ஒரு கதை, படுக்கை. நான் வேலையால் வரும்போது வீடு அமைதியாக இருக்கும். அபியின் முகத்தைக் கதவிடுக்கால் பார்த்துவிட்டுத் தனியே இருந்து சாப்பிடுவேன்.

நாலரைக்கு அவள் எழும்பினாள். பழக்கம் அவ்வளவு லேசில் போகாது.

"அப்பா."

நான் குசினிச் சோபாவில். சுவருக்கு அந்தப் பக்கம் வசந்தியின் குரல், தாழ்ந்த குரலில் ஒரே ஒரு வசனம்: "இன்னும் விடியேல்லை, படம்மா."

"அப்பா. குதிரை."

"இன்னும் விடியேல்லை, படம்மா."

நான் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தேன். எழும்பிப் போனால் எல்லாம் போச்சு என்று தெரியும். கூப்பிடுகிற குரல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சின்னதாகிக்கொண்டே போயிற்று. ஐந்து மணிக்கு விளக்கு எரிந்தது. அவள் ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு நான் ஆடிய குதிரை ஆட்டத்தில் கீழே உள்ள கடையின் கண்ணாடி ஆடியிருக்கும்.

நாலாம் நாள் அவள் கூப்பிடவில்லை. விளக்கு வரும் மட்டும் படுத்திருந்தாள். ஊசியை ஐந்தே காலுக்கு மாற்றினோம். மூன்று நாளில் அதற்கும் பழகினாள். ஐந்தரை. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. நேர்சரியில் பத்தரை மட்டும் முழித்திருந்தாள், பதினொன்று மட்டும் முழித்திருந்தாள் என்று ஒவ்வொரு நாளும் வசந்தி ஒரு கடதாசியில் எழுதி என் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைப்பாள்.

பிறகு ஐந்தரையிலேயே நின்றுவிட்டது. ஒரு நாள், இரண்டு நாள், ஆறு நாள்.

7

டைமரைப் பார்க்கிற பொறுப்பு என்னுடையது. ஏழாம் நாள் நான் இரவு வந்தபோது வசந்தி அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சாருங்கோ, இது ஏன் இன்னும் அஞ்சரையிலை நிக்குது? அஞ்சே முக்காலுக்குத் தள்ளுறன் எண்டுதானே சொன்னனீங்கள்."

நான் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு சப்பாத்தைக் கழற்ற எவ்வளவு நேரம்தான் எடுக்கலாம்?

"நாளைக்குத் தள்ளுறன்."

"முந்தநாளும் நாளைக்குத்தான்."

நான் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு கால் மணியும் என்னிடமிருந்துதான் போகிறது. இரவு வரும்போது அவள் நித்திரை. காலையில் நான் ஆறு இருபதுக்குப் போகவேணும். விளக்கு ஆறரைக்கு வந்தால், ஞாயிற்றுக்கிழமை தவிர நான் அவளை முழிப்பாகப் பார்க்கவே போவதில்லை. என் பிள்ளை என்னைத் திரையில் ஓடுகிற படம் மாதிரி வாரம் ஒருமுறை பார்ப்பாள். அந்த நாலரை மணி எனக்குக் கரைச்சலாக இருக்கவில்லை, வசந்தி. இந்த ஊரில் எனக்கென்று இருந்த நேரம் அதுதான்.

வசந்தி எனக்கு எதிரே நிலத்தில் உட்கார்ந்து மற்றச் சப்பாத்தின் கயிற்றை அவளே அவிழ்த்தாள்.

"உங்களுக்கு அவள் எழும்பவேணும்" என்றாள். "அவளுக்கு நித்திரை வேணும். எனக்கு ஜனவரி வேணும்."

அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் டைமரை வாங்கி ஊசியை ஐந்தே முக்காலுக்குத் தள்ளினேன். இரண்டு நாளில் ஆறு. பிறகு ஆறே கால். கடைசியாக ஆறரைக்கு ஊசியை நான் அமத்தியபோது டிசம்பரில் இரண்டு வாரம் போயிருந்தது.

8

அடுத்த நாள் காலை ஆறு இருபதுக்குச் சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு இறங்கினேன். எதிரே பஸ் தரிப்பு. நாள்தோறும் அங்கே நிற்கும் ஒரு கிழவர், பேப்பரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு வருடமாகத் தலையாட்டுவோம், பேசியதில்லை. வழக்கமாக ஆறு இருபத்தைந்துக்கு வரும் பஸ் அன்றைக்கு வரவில்லை. குளிரில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு எங்கள் யன்னலைப் பார்த்தேன். கறுப்பு.

ஆறரை. கறுத்த திரையின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கோடு.

இந்த நிமிடம் வரை என் பிள்ளை நித்திரை கொண்டிருக்கிறாள். பத்து மணித்தியாலத்துக்கு மேல். ஒரே ஓட்டமாக. திரை ஆடியது. வசந்தி ஒரு பக்கத்தைத் தூக்க, அதற்குக் கீழே கலைந்த தலை ஒன்று. கண்ணாடியில் மூக்கை அமத்திக்கொண்டு வீதியைப் பார்த்தது. என்னைக் கண்டது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு துள்ளியது.

நானும் துள்ளினேன். நாற்பது வயதை நெருங்கும் மனிதன், மதியச் சாப்பாட்டுப் பெட்டியோடு, லண்டன் தெருவில் குதிரை ஆடினேன்.

பக்கத்தில் நின்ற கிழவர், "என்ன, பரிசு ஏதும் விழுந்ததா?" என்று கேட்டார்.

"என் மகள் ஆறரை மட்டும் நித்திரை கொண்டுவிட்டாள்" என்றேன்.

அவர் மேலே யன்னலைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி அவளுக்கு ஆட்டினார். "என் மகனுக்கு முப்பத்திரண்டு. அவன் மத்தியானம் வரை தூங்குகிறான். அவனை எழுப்ப ஏதும் விளக்கு இருந்தால் சொல்லுங்கள்" என்றார்.

அன்றிலிருந்து நான் ஆறு இருபத்தைந்து பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்தேன். இறங்கிக் கடைசிக் கால் மைலை ஓடிக் களஞ்சியத்துக்குள் போவேன். மழையோ பனியோ, ஆறரைக்கு மஞ்சள் கோடு, கலைந்த தலை, இரண்டு கை. ஐந்து நிமிடம்கூட வராது.

விடுமுறைக்கு முந்திய கடைசி நாளில் நேர்சரிப் பொறுப்பாளர் ஒரு பெரிய கடதாசியை வசந்தியிடம் கொடுத்தார். அபி காலை முழுக்க இருந்து கீறிய படம். நடுவில் ஒரு மஞ்சள் வட்டம். சூரியன் என்று அவர் நினைத்தார். மத்தியானச் சாப்பாடு முடியும்வரை பிள்ளை பாயைத் தேடவில்லையாம். ஜனவரியில் சந்திப்போம் என்றார்.

வசந்தி ஜனவரியில் போனாள். அடுத்த வருடமே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. இரண்டாவது வேலையை நான் விட்டேன். இன்றைக்கும் அவள் அந்த ஆய்வுகூடத்தில்தான், இப்போது அவளுக்குக் கீழே ஆறு பேர்.

9

சுதன் மத்தியானம் வந்தார். கண்ணுக்குக் கீழே இரண்டு கறுத்த வளையம். நான் எல்லாவற்றையும் கையையும் காலையும் ஆட்டிச் சொன்னேன். முந்திப் படுக்க வையும், திரையைக் கறுப்பாக்கும், நாலரைக்குப் பால் கொடுக்காதேயும், படிவத்தில் பொய் எழுதாதேயும். பரணிலிருந்து தேடி எடுத்த டைமரைத் துடைத்து அவர் கையில் கொடுத்தேன். இன்னமும் ஓடுகிறது. ஊர் மணிக்கூட்டுக் கதைக்கு அவர் சிரித்த சிரிப்பில் மேலே ஒரு கதவு திறந்தது.

அபி இறங்கி வந்தாள். இன்னும் சில மாதத்தில்தான் அவளுக்குப் பதின்மூன்று முடியும். அரசாங்கம் கொடுத்த ஒரு மணித்தியாலத்தோடு தானும் நாலைந்து மணித்தியாலத்தைச் சேர்த்துப் படுத்துவிட்டு வருகிறாள். இப்போதெல்லாம் எங்களோடு அவள் பேசுவது ஆங்கிலம், ‘அப்பா’, ‘அம்மா’ மட்டும் தமிழ். காதில் எப்போதும் ஒரு பாட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஒரே வீட்டில் வேறு வேறு நேரத்தில் இருக்கிறோம் என்று வசந்தி சொல்வாள்.

டைமரைக் கண்டதும் காதில் இருந்ததைக் கழற்றினாள்.

"அது என்ர லைட்" என்றாள். தமிழில் சொன்னாள்.

"உனக்கு ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டேன். "நாலரைக்கு எழும்பி என்ர நெஞ்சிலை ஏறி இருப்பாய். பால், குதிரை?"

உதட்டைப் பிதுக்கினாள். ஒன்றும் ஞாபகம் இல்லை. அவ்வளவு திருவிழாவும் அவளுக்குள் இல்லை. பிறகு டைமரைச் சுதனின் கையிலிருந்து வாங்கி ஊசியை விரலால் தடவிக்கொண்டு, ஆங்கிலத்தில் சொன்னாள். தமிழில் எழுதுகிறேன்.

"நிறைய நாள் நான் முதலே முழித்துவிடுவேன் அப்பா. ஆனால் எழும்ப மாட்டேன். அந்த லைட்தான் உங்களை பஸ் தரிப்புக்குக் கொண்டு வருகிறது என்று நினைத்தேன். அதற்கு முதல் எழும்பினால் நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள் என்று பயம்."

சுதன் என்னைப் பார்த்தார். நான் குசினிக்குள் போய்க் கேத்தலைப் போட்டேன், கையில் தேநீர் இருக்கும்போதே. ஐந்து நிமிடம்கூட வராத அந்த நேரத்துக்காக அவள் இருட்டில் கிடந்து காத்திருந்திருக்கிறாள். வெளியே குளிரில் நானும் காத்திருந்தேன். இரண்டு பேருக்கும் அது தெரியாமல் பத்து வருடம் போய்விட்டது.

சுதன் டைமரைப் பையில் போட்டுக்கொண்டு காரில் ஏறிவிட்டார். அப்போதுதான் நினைவு வந்து, செருப்பும் போடாமல் வெளியே ஓடிக் கண்ணாடியில் தட்டினேன்.

"தம்பி, முக்கியமான ஒண்டைச் சொல்ல மறந்துபோனன். மகன் படுக்கிற அறை யன்னலிலை இருந்து பார்த்தால் பஸ் தரிப்புத் தெரியுமோ?"

"இல்லை அண்ணை. நான் காரிலைதானே வேலைக்குப் போறனான்."

"எண்டால் காலமை உடனை காரை ஸ்டார்ட் பண்ணாதையும்" என்றேன். "லைட் வருமட்டும் ரோட்டிலை இறங்கி நில்லும்."